குற்றமற்றவனுக்கு மட்டுமா கண்ணீர்?
மார்க்கஸ் கிளார்க்கின் நாவலும் போர்ட் ஆதர் தண்டனை உலகமும்

சில மாதங்களுக்கு முன் உயர்தர வகுப்பில் வழக்குரை காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாண்டியன் உயிர் விட்ட இடத்தைத் தாண்டியதும் பின் வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழும்பி, "சேர், கோவலன் மெய்யாவே சிலம்பக் களவெடுத்திருந்தா அவன வெட்டினது சரியா சேர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "அப்படியென்றால் காப்பியமே இல்லையே மகள்" என்று சொல்லி நானும் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கோவலனுக்காக நாம் அழுவது அவன் கொல்லப்பட்டான் என்பதற்காகவா, அவன் கள்வன் அல்லன் என்பதற்காகவா? இரண்டாவதுதான் காரணம் என்றால் உண்மையான கள்வனுக்கு நமது இலக்கியத்தில் இடம் எங்கே?

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் மார்க்கஸ் கிளார்க் எழுதிய 'அவனது ஆயுட்காலம் முழுவதும்' என்று தமிழில் சொல்லத்தக்க ஆங்கில நாவலை இரண்டாம் முறை வாசித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அவுஸ்திரேலிய நாவல்களுள் மிகவும் பேர்பெற்றது இது. போர்ட் ஆதர், மக்குவாரி துறைமுகம், நோபோக் தீவு என்று பிரித்தானியர் அமைத்த தண்டனைக் குடியேற்றங்களைப் பற்றிப் பொதுசனத்தின் மனதில் இன்றுவரை இருக்கும் படத்தை வரைந்ததில் இந்நாவலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் படம் எவ்வளவு உண்மை, அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலும் ஆசிரியரும்

மார்க்கஸ் கிளார்க் 1846இல் லண்டனில் பிறந்தவர். 1863இல், பதினேழு வயதில், மெல்பேர்னுக்கு வந்தார். பத்திரிகைக்காரராகத்தான் அவரது வாழ்க்கை ஓடியது. 1870இன் தொடக்கத்தில் தஸ்மேனியாவுக்குப் போய், அப்போது இறுதி மூச்சை இழுத்துக்கொண்டிருந்த போர்ட் ஆதர் சிறையை நேரில் பார்த்தார். பழைய ஆவணங்களையும் தேடி வாசித்தார். அதன் பயனாக 'அவுஸ்திரேலியன் ஜேர்னல்' என்ற சஞ்சிகையில் 1870 முதல் 1872 வரை தொடராக வந்தது இக்கதை. 1874இல் பெரிதும் சுருக்கி, முடிவையும் மாற்றி நூலாக்கினார். 1881இல், முப்பத்தைந்து வயதிலேயே, அவர் இறந்துபோனார்.

கதைச் சுருக்கம் இது. றிச்சர்ட் டெவைன் என்ற செல்வந்த வீட்டு இளைஞன், தாயின் மானத்தைக் காப்பதற்காக வாய் மூடியிருந்ததால், செய்யாத குற்றத்துக்கு ஆயுட்காலம் முழுவதும் நாடு கடத்தப்படுகிறான். றூபஸ் டோஸ் என்ற பொய்ப் பெயரோடு கப்பலேறுகிறான். கப்பலில் நடந்த சதியிலும் அவன்தான் மாட்டப்படுகிறான். மக்குவாரி துறைமுகத்தில், கைவிடப்பட்ட ஓர் அதிகாரியையும் ஒரு தாயையும் சிறுமியையும் காப்பாற்ற ஓடம் கட்டுகிறான். ஆனால் காப்பாற்றப்பட்ட மொறிஸ் ஃப்ரியர் என்ற அந்த அதிகாரி, புகழ் முழுவதையும் தனதாக்கிக்கொண்டு டோஸை மீண்டும் சங்கிலிக்குள் தள்ளுகிறான். சிறுமி சில்வியாவோ நோயில் நினைவை இழந்துவிடுகிறாள். பின்னாளில் அவளே ஃப்ரியரின் மனைவியாகிறாள். 1833இல் மக்குவாரி துறைமுகம், 1838இல் போர்ட் ஆதர், 1846இல் நோபோக் தீவு என்று டோஸ் ஒவ்வொரு நரகமாகக் கடந்து, கடைசியில் கடலில் சில்வியாவோடு மூழ்கி இறக்கிறான்.

சும்மா சொல்லக் கூடாது, கிளார்க்கிடம் அபாரமான ஆற்றல் இருக்கிறது. போர்ட் ஆதர் பகுதியில் வரும் கேர்க்லண்ட் என்ற இளங்கைதியின் கசையடிக் காட்சியை வாசித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மென்மையான பையனை ஓரிரவு முழுவதும் மிக மோசமான கைதிகளோடு ஒன்றாக அடைத்துவிடுகிறார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதைக் கிளார்க் சொல்வதில்லை. கதவுக்குப் பின்னால் கேட்கும் குரலோடு நிறுத்திக்கொள்கிறார். பிறகு அந்தப் பையனுக்கே கசையடித் தண்டனை. அடிக்க நிறுத்தப்படுபவன் றூபஸ் டோஸ். அடிக்கிறான். எண்ணிக்கை ஏறுகிறது. ஒரு கட்டத்தில் சவுக்கை எறிந்துவிட்டு, இனி என்னால் முடியாது என்று நின்றுவிடுகிறான். வேறொருவன் மிச்சத்தை அடித்து முடிக்கிறான், கேர்க்லண்ட் இறந்துபோகிறான். அதே முக்கோணச் சட்டத்தில் டோஸும் கட்டப்படுகிறான். இதைத் தடுப்பதாக வாக்களித்த நோத் என்ற பாதிரியார் முதல் நாளிரவு குடித்துவிட்டுப் பிந்தி வருகிறார்.

இந்தக் காட்சியின் பெறுமதி இரத்தத்தில் இல்லை. கைதியையே கைதிக்கு அடிகாரனாக்கும் முறை, எண்ணிக்கையை உரக்கச் சொல்லும் ஆள், நாடி பார்க்கும் வைத்தியர், பிந்தி வரும் மதகுரு என்று எல்லோரும் ஒரு இயந்திரத்தின் பற்களாக இருப்பதைக் கிளார்க் காட்டுகிறார். இவர்களில் எவரும் அரக்கரில்லை. ஒவ்வொருவரும் தத்தமது கடமையைச் செய்கிறார்கள், அல்லது செய்யத் தவறுகிறார்கள். ஒரு பிள்ளை செத்துப்போகிறது.

இரக்கத்தின் கணக்கு

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. றூபஸ் டோஸ் ஒருமுறை அல்ல, மூன்று முறை குற்றமற்றவன். முதற் குற்றம் அவன் செய்யவில்லை. கப்பற் சதி அவனுடையதல்ல. தீவில் அவன் செய்தது பெரும் நன்மை, கிடைத்ததோ தண்டனை. போதாக்குறைக்கு அவன் பெரிய வீட்டுப் பிள்ளை. வாசகரின் இரக்கத்துக்கு ஆசிரியர் இப்படி அடுக்கடுக்காக உத்தரவாதம் கொடுக்கிறார். "இவனுக்கா இந்தக் கதி!" என்று நாம் பதறுகிறோம். அந்தப் பதற்றத்துக்குள்ளே சொல்லாமல் ஒளிந்திருக்கும் வசனம் ஒன்று உண்டு: வேறொருவனுக்கு இந்தக் கதி என்றால் பரவாயில்லை.

அந்த வேறொருவனுக்கும் கிளார்க் ஓர் உருவம் கொடுத்திருக்கிறார். அவன்தான் கபெட். தப்பியோடி, பசியில் கூட வந்தவர்களையே கொன்று தின்றவன். 1822இல் மக்குவாரி துறைமுகத்திலிருந்து தப்பி, 1824இல் ஹோபார்ட்டில் தூக்கிலிடப்பட்ட அலெக்சாண்டர் பியர்ஸ் என்ற உண்மைக் கைதியின் கதையைத் தழுவியது அது. ஆக, நாவலின் ஒரு முனையில் மாசற்ற கனவான், மறுமுனையில் மனித மாமிசம் தின்னும் மிருகம். 1788க்கும் 1868க்கும் இடையில் அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஏறத்தாழ 1,62,000 பேரில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டுமல்ல. துணியோ உணவோ ஆடோ களவெடுத்து ஏழு ஆண்டு பெற்றவர்கள் அவர்கள். குற்றவாளிகள்தான், சந்தேகமில்லை. ஆனால் மிருகங்களல்லர். அந்தச் சாதாரணக் கள்ளன் கிளார்க்கின் பக்கங்களில் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நிற்கிறான். அவனுக்கு முகம் இல்லை.

சவுக்கும் பேரேடும்

அந்த முகமற்றவர்களை உண்மையில் ஆண்டது எது? சவுக்கு என்றுதான் நாவல் நம்மை நினைக்க வைக்கிறது. வரலாற்றைப் பார்த்தால் சவுக்குக்கு முன்னால் பேனை இருந்தது தெரியவரும்.

1824 முதல் 1836 வரை வான் டீமன்ஸ் லாண்டை, அதாவது இன்றைய தஸ்மேனியாவை, ஆண்டவர் துணைத் தேசாதிபதி ஜோர்ஜ் ஆதர். போர்ட் ஆதர் 1830இல் மரம் வெட்டும் நிலையமாக ஆரம்பிக்கப்பட்டு அவர் பெயரைத் தாங்கியது. கைதிகளை அவர் ஏழு படிகளில் நிறுத்தினார். மேற்படியில் விடுப்புச் சீட்டுப் பெற்று வெளியில் உழைப்போர். அதற்குக் கீழே குடியேறிகளிடம் வேலைக்கு ஒப்படைக்கப்பட்டோர். பிறகு அரசாங்க வேலையாட்கள், தெருப் போடும் கூட்டம், சங்கிலிக் கூட்டம் என்று இறங்கி, அடியில் தண்டனைக் குடியேற்றமும், அதற்குள்ளேயே சங்கிலியும். நடத்தை நன்றாக இருந்தால் ஏறலாம், பிழைத்தால் இறங்குவாய். பெரும்பாலான கைதிகள் போர்ட் ஆதரைக் கண்ணால் கண்டதேயில்லை. ஆனால் அது அங்கே இருக்கிறது என்ற பயத்திலேயே அவர்களது நாட்கள் போயின.

இந்த ஏணியைத் தாங்கிநின்றது பேரேடு. ஒவ்வொரு கைதிக்கும் ஒரு பதிவு. பெயர், வந்த கப்பல், தீர்ப்பு, உயரம், கண்ணின் நிறம், உடம்பிலிருந்த பச்சை குத்தல் வரை எழுதினார்கள். அதற்குக் கீழே திகதி திகதியாகக் குற்றங்கள்: எதிர்த்துப் பேசியது, அனுமதியின்றி வெளியே போனது, வேலையில் சோம்பியது, புகையிலை வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தண்டனை. எசமான் தன் கையால் தன் கைதி வேலைக்காரனை அடிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நீதவான் முன் கொண்டுபோக வேண்டும், நீதவான் விதிக்க வேண்டும், விதித்தது பதியப்பட வேண்டும். கேட்டால் ஒழுங்கும் நியாயமும் போலத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியது அழிவதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் எதிர்த்துப் பேசிய ஒரு வார்த்தை, இன்று விடுப்புச் சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது எழுந்து நிற்கும். இந்தக் கைதிப் பதிவேடுகள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஆய்வாளருக்கு அவை புதையல். அதில் எழுதப்பட்டவனுக்கு அவை என்னவாக இருந்திருக்கும்?

1987இல் வெளிவந்த றொபேட் ஹியூஸின் பெருநூலான 'தி ஃபேட்டல் ஷோர்' இந்தத் தண்டனை நிலையங்களை நரகமாகவே விவரித்தது. அடுத்த ஆண்டே ஸ்டீபன் நிக்கலஸ் பதிப்பித்த 'கொன்விக்ட் வேர்க்கர்ஸ்' என்ற தொகுப்பு, கைதிகள் திறமையுள்ள சாதாரண உழைப்பாளிகளே, கசையடியைப் பெரிதுபடுத்திவிட்டார்கள் என்று வாதாடியது. நரகமா தொழிற்சாலையா என்ற இந்தச் சண்டையில் ஒரு பக்கத்தைத் தெரிவு செய்யத் தேவையில்லை என்பது என் எண்ணம். மக்குவாரி துறைமுகத்தில் கப்பல்கள் கட்டினார்கள், போர்ட் ஆதரில் சப்பாத்தும் வள்ளமும் செங்கல்லும் செய்தார்கள். அடியும் இருந்தது, உற்பத்தியும் இருந்தது. ஒன்று மற்றதற்காக இருந்தது.

மௌனம் என்னும் தண்டனை

1840களின் இறுதியில் போர்ட் ஆதரில் சவுக்கு கீழே வைக்கப்பட்டது. மனம் இரங்கிவிட்டார்கள் என்று நாம் சந்தோசப்படுவதற்கு முன்னர், அதன் இடத்துக்கு வந்ததைப் பார்க்க வேண்டும். லண்டனில் 1842இல் திறக்கப்பட்ட பென்ரன்வில் சிறையின் மாதிரியில் இங்கே தனிச்சிறை ஒன்று எழும்பியது. அங்கு கைதிக்குப் பெயரில்லை, இலக்கம் மட்டும். அறைக்கு வெளியே வரும்போது முகத்தை மூடும் துணி உறை, கண்ணுக்கு மட்டும் துவாரம். பேசக் கூடாது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் மதிலுக்குள் தனியே நடக்கலாம். தேவாலயத்தில்கூட ஒவ்வொருவனும் நிமிர்ந்த பெட்டி போன்ற அடைப்புக்குள் நிற்பான், பக்கத்தில் நிற்பவனைக் காண முடியாது. அடங்காதவனுக்கு ஒளியும் ஒலியும் புகாத இருட்டறை. உடம்பைத் தொடாமல் மனதைத் திருத்துவதுதான் நோக்கம் என்றார்கள். 1868இல் அதே தனிச்சிறைக்குப் பக்கத்தில் மனநோயாளருக்கான விடுதி ஒன்றையும் கட்ட வேண்டிவந்தது.

கிளார்க் போர்ட் ஆதருக்குப் போனபோது இந்தத் தனிச்சிறை இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் நாவலில் எழுதியது 1830களின் சவுக்கை. தனிமையை அவர் எழுதத் தெரியாதவரல்லர். மக்குவாரி துறைமுகத்தில் கடற்பாறை ஒன்றில் டோஸ் தன்னந்தனியே கிடக்கும் பக்கங்கள் நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுள் அடங்கும். எனினும் அடியைப் போல மௌனத்தைக் காட்சியாக்குவது கடினம். சவுக்குக்குச் சத்தம் உண்டு, எண்ணிக்கை உண்டு, தொடர்கதைக்கு வேண்டிய உச்சக்கட்டம் உண்டு. ஒருவன் ஓர் அறையில் பேசாமல் இருந்து மெல்ல மெல்லத் தன்னை இழப்பதில் அடுத்த மாத இதழுக்கு என்ன இருக்கிறது? இதைக் கிளார்க்கின் குற்றமாக மட்டும் சொல்ல முடியாது. தண்டனையை எழுதும் இலக்கியம் முழுவதற்குமான சோதனை இது. கண்ணுக்குத் தெரியும் கொடுமையை வாசகர் கண்டிப்பார். ஒழுங்கின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும் கொடுமையை மெச்சவும் கூடும்.

நாவலின் கண் படாத வேறு இடங்களும் உண்டு. நாடு கடத்தப்பட்டோரில் ஏறத்தாழ 25,000 பேர் பெண்கள். ஹோபார்ட்டில் 1828இல் திறக்கப்பட்ட காஸ்கேட்ஸ் பெண்கள் சிறையில் அவர்கள் துணி துவைத்தார்கள், நூல் நூற்றார்கள். பெண்களுக்குக் கசையடி இல்லை. அதற்குப் பதிலாகத் தலைமயிரைக் கத்தரித்தார்கள். கிளார்க்கின் கதையில் சூழ்ச்சிக்காரி ஒருத்தி வருகிறாள், கனவான் வீட்டுச் சிறுமி வருகிறாள். துவைக்கும் பெண்ணுக்கு இடமில்லை. அந்த மண்ணுக்கே உரிய ஆதிக்குடிகளும் கதையின் விளிம்புக்கு வெளியேதான். கைதிகளை ஏழு படியில் நிறுத்திய அதே ஜோர்ஜ் ஆதர்தான் 1830இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஆதிக்குடிகளைத் தீவின் மூலைக்கு விரட்ட முயன்றார். அந்த வரிசையில் கைதிகளும் நிறுத்தப்பட்டார்கள். கேர்க்லண்டை அடிக்க டோஸின் கையில் சவுக்கைக் கொடுத்த அதே தந்திரம், நாட்டளவில்.

விடுபட்ட நான்கு ஆண்டுகள்

நாவலின் பகுதிகளை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று புலப்பட்டது. மூன்றாம் பகுதி 1838. நான்காம் பகுதி 1846. இடையில் ஒரு பாய்ச்சல். அந்த இடைவெளிக்குள்தான் 1840 முதல் 1844 வரை அலெக்சாண்டர் மக்கனொக்கி நோபோக் தீவின் பொறுப்பதிகாரியாக இருந்தார்.

மக்கனொக்கி ஒரு கடற்படை அதிகாரி. லண்டன் யுனிவர்சிற்றி கல்லூரியின் முதற் புவியியற் பேராசிரியர். அதைவிட முக்கியம், நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரரிடம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் போர்க்கைதியாக இருந்தவர். சிறையை உள்ளிருந்து கண்ட அதிகாரி. அவரது கருத்து எளிமையானது. இத்தனை ஆண்டு என்று காலத்தால் தண்டிக்காதே, இவ்வளவு வேலை என்று தண்டி. உழைப்பாலும் நடத்தையாலும் கைதி புள்ளிகள் சேர்க்க வேண்டும். அந்தப் புள்ளிகளால் சாப்பாட்டையும் வசதிகளையும் வாங்கலாம், போதியளவு மிச்சம் பிடித்தால் விடுதலையையும் வாங்கலாம். பிந்திய கட்டத்தில் ஆறு பேர் ஒரு குழுவாக இருப்பார்கள், ஒருவன் பிழைத்தால் அறுவருக்கும் நட்டம். ஒருவனுக்கொருவன் பொறுப்பு. 1840 மே மாதம் மகாராணியின் பிறந்தநாளன்று, சிறைக் கதவுகளைத் திறந்து கைதிகளை நாள் முழுவதும் தீவில் உலாவ விட்டார். நாடகம் நடித்தார்கள், வாணவேடிக்கை பார்த்தார்கள். இரவு எக்காளம் ஊதியதும் திரும்பிவந்து அடைபட்டார்கள்.

சிட்னியில் இதைக் கேள்விப்பட்டவர்கள் கொதித்தார்கள். தண்டனை என்றால் பயங்கரம் அல்லவா? 1843இல் தேசாதிபதி கிப்ஸ் நேரில் போய்ப் பார்த்து ஓரளவு நல்லபடியாகவே அறிக்கை அனுப்பினார். ஆனால் லண்டன் அதற்கு முன்பே அவரை நீக்க முடிவெடுத்துவிட்டது. அவர் போன பின் பழைய கெடுபிடி திரும்பியது. 1846 ஜூலையில் கைதிகளின் சொந்தச் சமையல் பாத்திரங்களைப் பறித்தபோது கலவரம் வெடித்தது, ஒக்டோபரில் ஒரே நாளில் 12 பேரைத் தூக்கிலிட்டார்கள். அடுத்து வந்தவர் ஜோன் பிறைஸ். கிளார்க்கின் மொறிஸ் ஃப்ரியருக்கு மூலமாக இருந்தவர் என்று விமர்சகர்கள் சொல்வது இவரைத்தான். 1857இல் வில்லியம்ஸ்டவுனில் கைதிகளே அவரைத் தாக்கிக் கொன்றார்கள்.

மக்கனொக்கியின் காலத்தில் கிளார்க் கதையை நகர்த்தாமல் விட்டது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கதையின் தர்க்கம் அவரை ஏற்றுக்கொள்ளாது என்றே நினைக்கிறேன். மக்கனொக்கி நிரபராதிகளைத் தேடவில்லை. அவருடைய தீவிலிருந்தவர்களில் பலர் குற்றத்துக்கு மேல் குற்றம் செய்து அனுப்பப்பட்டவர்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று ஒப்புக்கொண்டுதான் மனிதராக நடத்தினார். றூபஸ் டோஸுக்கு அந்த முறை தேவையில்லை. அவனுக்கு வேண்டியது திருந்த ஒரு வழியல்ல, நிரபராதி என்ற தீர்ப்பு. அந்த முறை தேவைப்பட்டது முகமில்லாத அந்தக் கள்ளனுக்குத்தான்.

நமது பக்கத்திலிருந்து ஒரு பெயர்

இந்தக் கதை நமக்கு முற்றிலும் தூரமானதல்ல. கசையடியும் தண்டனைக் குடியேற்றமும் இறுகிய காலத்தில் நியூ சவுத் வேல்ஸை விசாரிக்க அனுப்பப்பட்டவர் ஜோன் தோமஸ் பிக். நாடு கடத்தல் மெய்யான பயங்கரமாக இருக்க வேண்டும் என்பது லண்டன் அவருக்குக் கொடுத்த அறிவுறுத்தல். அதே பிக்தான் பிறகு கேப், மொரீசியஸ், இலங்கை ஆகியவற்றை விசாரிக்க நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவிலும் இருந்தார். இலங்கைக்கு வந்து அந்த வேலையை முடித்தவர், நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்த கோல்புறூக்.

இன்னொரு பெயரும் உண்டு. பிரித்தானியரின் மலாய்ப் படையில் பறையணித் தலைவராக இருந்தவர் 1803 கண்டிப் போரில் அகப்பட்டு, கண்டி மன்னனின் பக்கமே தங்கிவிட்டார். 1815இல் கண்டி விழுந்தபோது பிரித்தானியரிடம் சிக்கினார். மரண தண்டனை விதித்து, பின்னர் அதை நாடு கடத்தலாக மாற்றினார்கள். 1816இல் மனைவி மக்களோடு சிட்னியில் இறங்கினார். பின்னாளில் வட கரையோரக் குடியேற்றத்தில் மலாய் மொழிபெயர்ப்பாளராகவும் பயன்பட்டார். ஆவணங்கள் அவரை வில்லியம் ஓடீன் என்று ஐரிஷ்காரர் பெயர் போல எழுதிவைத்திருக்கின்றன. அந்த 'ஓடீனு'க்குள் ஓர் 'உத்தீன்' ஒளிந்திருப்பது நம் காதுக்குக் கேட்கிறது. அவர் குற்றவாளியா? பிரித்தானியப் பேரேட்டில் ஆம். கண்டி அரசனின் கணக்கில் இல்லை. பேரேட்டை யார் எழுதுகிறார் என்பதையும் சேர்த்துத்தான் குற்றம் என்ற சொல்லை வாசிக்க வேண்டியிருக்கிறது.

என் கையிலிருந்த பேரேடு

பேரேட்டைப் பற்றி இவ்வளவு எழுதியவன், தன் கையெழுத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் படிப்பித்த பாடசாலையொன்றில் ஒழுக்கப் பதிவுப் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. ஒரு பையன் இன்னொருவனின் காசை எடுத்துவிட்டான். எடுத்தது உண்மை, அவனே ஒப்புக்கொண்டான், காசையும் திருப்பிக் கொடுத்தான். அவனுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர், வந்து என் முன்னால் தலை குனிந்து நின்றார். நான் அடிக்கவில்லை. அடிக்காத ஆசிரியர் என்ற பெருமை எனக்கு அப்போது இருந்தது. புத்தகத்தில் ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து அவன் விடுகைப் பத்திரத்துக்கு வந்தபோது அந்த வரி அங்கேயே இருந்தது. எல்லோருக்கும் நடத்தை 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்த நான், அவனுக்கு மட்டும் 'திருப்திகரம்' என்று எழுதினேன். அவன் அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. "வாறன் சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். கிளார்க்கை வாசித்தபோது எனக்கு ஃப்ரியர் நினைவுக்கு வரவில்லை. ஆதரின் எழுதுவினைஞர்தான் நினைவுக்கு வந்தார்.

மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஸஹாபி ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவனது ரசூலையும் நேசிப்பவர் என்று சொன்ன சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. குத்பாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். தண்டனை அங்கே நடக்கவே செய்தது, குற்றமும் குற்றந்தான். ஆனால் தண்டனை முடிந்த இடத்தில் அது முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சாபச்சொல்லுக்கும் இடமில்லை. யூசுப் நபியவர்களின் சரித்திரத்திலும் சிறையிலிருந்த இருவரில் ஒருவர் விடுதலையாகிறார், ஒருவர் தண்டனை அடைகிறார். இருவரையும் அவர்கள் ஒரே விளியில் சிறைத்தோழர்கள் என்றுதான் அழைக்கிறார்கள். நிரபராதியான ஒரு நபி தம்மை மற்றவர்களிலிருந்து பிரித்து நிறுத்தவில்லை. றூபஸ் டோஸிடம் நான் காணாதது இதைத்தான். தான் அவர்களைச் சேர்ந்தவனல்லன் என்ற நினைப்பு அவனை விட்டு முழுமையாக அகல்வதில்லை. ஆசிரியரும் அதை அகற்ற விரும்பவில்லை. கேர்க்லண்டுக்காகச் சவுக்கை எறியும் அந்த ஒரு கணத்தில் மாத்திரம் அவன் அந்த எல்லையைத் தாண்டுகிறான். நாவல் அதன் உச்சத்தைத் தொடுவதும் அங்கேதான்.

இந்தக் குறைகளுக்காக நாவலை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தண்டனைக் காலத்தின் பேச்சையே வெட்கமாகக் கருதிய சமூகத்தில், 1856இல் தீவின் பெயரையே தஸ்மேனியா என்று மாற்றிக்கொண்ட மக்களின் நடுவில், கிளார்க் அந்தக் கதவைத் திறந்தார். அது சிறிய காரியமல்ல. போர்ட் ஆதர் 1877இல் மூடப்பட்டது. இன்று அது உலக மரபுரிமைத் தலம், 2010இல் பட்டியலில் சேர்ந்தது. அங்கே போகிறவர்கள் கிளார்க் காட்டிய சவுக்கைத் தேடுவார்கள். முகமூடித் துணியையும், பேரேட்டின் ஒரு வரியையும் சற்று நின்று பார்த்தால் நல்லது. ஆங்கிலம் வாசிக்கக்கூடிய நம் இளம் எழுத்தாளர்கள் இதைத் தேடி வாசிக்க வேண்டும். யாராவது தமிழாக்கினால் இன்னும் நல்லது. சிறையைப் பற்றியும் சிறைப்பட்டோரைப் பற்றியும் எழுதத் தேவையான அனுபவம் இந்த நாட்டில் எல்லாச் சமூகங்களிடமும் கிடக்கிறது. அதை எழுதும்போது நிரபராதியின் கதையை மட்டும் தேடி எழுதினால், நாமும் கிளார்க் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவோம்.

அந்த மாணவியின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த தவணை வழக்குரை காதைக்குத் திரும்பும்போது சிரித்துச் சமாளிக்காமல் அதை வகுப்பின் முன் வைக்க வேண்டும். கோவலன் மெய்யாகவே எடுத்திருந்தால்? பிள்ளைகளே பேசட்டும். அன்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.